அலுமினிய உலைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் அலுமினியக் கழிவை உருக்கும் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் நேயர் ஒருவர், "உலைக்கருகே எத்தனை தீயணைப்பான்கள் வைக்க வேண்டும், அவசரத்துக்குத் தண்ணீர்க் குழாய் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியின் பின்பாதி என்னை மூன்று நாளாக உறங்கவிடவில்லை என்பதால் முன்பாதியைப் பிறகு பார்க்கிறேன்.

தொடர்ந்து கேட்பவர்களுக்கு இது புளித்துப்போன செய்திதான்: உருகிய அலுமினியத்துக்கு முதல் பகை தண்ணீர். 660 பாகை செல்சியசில் உருகும் இந்த உலோகத்தை வார்ப்பதற்காக 700க்கு மேல் வைத்திருப்போம். அதன் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் அகப்பட்டால், அது நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும்போது மேலே கிடக்கும் உலோகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும். சிதறிய அலுமினியம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுவிக்க, அதுவும் எரியும்.

அமெரிக்காவில் அல்கோவா நிறுவனத்தின் ஜார்ஜ் லாங் இதைச் சோதித்து 1957இல் வெளியிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் உருகிய உலோகத்தைக் கொட்டிப் பார்த்ததில், தொட்டியின் அடி துருப்பிடித்திருந்தால் வெடிப்பு எளிதாக நிகழ்ந்தது. சில பூச்சுகளைப் பூசியிருந்தபோது நிகழவில்லை. ஆகவே தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே சிக்குகிறது என்பதே முக்கியம். காய்ந்ததுபோல் தெரியும் கான்கிரீட் தரைக்குள்ளும் ஈரம் உண்டு.

வாளையாற்றுப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், ஆனி மழை பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாய்ந்தடித்த ஒரு காலையில், சுவரோரம் நிறுத்தியிருந்த கசடு வாரும் கரண்டியை மேஸ்திரி சூடுகாட்டாமலே உலைக்குள் விட்டார். பிடியும் தட்டும் சேரும் இடுக்கில் நகத்தளவு ஈரம் இருந்திருக்க வேண்டும். வெடிச் சத்தம் கேட்டதுதான் தெரியும். என் பாலியஸ்டர் சட்டை உருகி முழங்கைத் தோலோடு ஒட்டிக்கொண்டது. பருத்தி அணியுங்கள் என்று நான் ஓயாமல் நச்சரிப்பது அதனால்தான்.

ஆலுவாவில் 1943இல் தொடங்கியதுபோன்ற உருக்காலைகளில் அலுமினா எனும் அலுமினிய ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புத் தொட்டிகள் 950 பாகையை ஒட்டி இயங்கும். அங்கே பெரும் மின்னோட்டமும் சேர்ந்த ஆபத்து. உங்களுடையது மறு உருக்கு என்பதால், ஆபத்து லாரியிலேயே வந்து இறங்குகிறது. நசுக்கிக் கட்டிய குளிர்பானக் குப்பிகளின் மடிப்புக்குள் தண்ணீர் இருக்கும். எனவே, தம்பி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, மழைக்காலத்தில் கழிவை எங்கே அடுக்குவது, உலையில் இடுமுன் எப்படிக் காயவைப்பது என்பதைத்தான். கூரைக்கு அடியில் அடுக்குங்கள். உலையில் இடுமுன் சூடேற்றி ஈரத்தை முற்றிலும் போக்குங்கள். கரண்டியையும் அச்சையும் அவ்வாறே செய்யுங்கள்.

இனி முன்பாதி. எண்ணிக்கையை உங்கள் ஆலையின் பரப்பைப் பார்த்துத் தீயணைப்புத் துறையினர் சொல்வார்கள். வகையை நான் சொல்கிறேன். எரியும் உலோகத்துக்கு டி வகை உலர்பொடியும் உலர்ந்த மணலும் மட்டுமே. நுரையில் தண்ணீர் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடும் எரியும் அலுமினியத்தோடு வினைபுரியும். மணல் தொட்டிக்கு மூடி அவசியம். சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆலையில் தீயணைப்பு மணல் வாளிக்குள் புல் முளைத்திருந்ததை நானே பார்த்தேன்.