ஜன்னல மூடுறதுக்கு முன்னாடி கீசர பாருங்க (டெல்லி குளிர்)

வணக்கம் மக்களே, மயூர் விஹார்ல இருந்து பேசுறேன். நவம்பர் வந்தாச்சு, காலைல தரைல கால் வெச்சா ஜில்லுங்குது, வெளில புகையா இருக்குன்னு எல்லார் வீட்லயும் ஜன்னல இறுக்கி மூட ஆரம்பிச்சிட்டாங்க. அதான் இன்னைக்கே இத பேசிடணும்னு உக்காந்துட்டேன்.

போன ஜனவரில நடந்தது. அப்போ எங்க கேஸ் கீசர் பாத்ரூமுக்கு உள்ளயே இருந்துச்சு, மாட்டிட்டு போனவர் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார், நாங்களும் நம்பிட்டோம். குளிர் தாங்காம சின்ன வென்டிலேட்டர்ல அட்டைய வெச்சு அடைச்சிட்டு குளிச்சிட்டு இருந்தேன், பத்து நிமிஷம் இருக்கும், தலை கனமாச்சு, வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு, அப்புறம் கால் துவண்டு போச்சு. கத்தணும்னு தோணுது, குரல் வரல. எப்படியோ தாழ்ப்பாள தள்ளிட்டேன், அத்தை தான் என்ன இழுத்து வெளில போட்டாங்க. சாப்பிடாம குளிச்சதால மயக்கம்னு தான் அன்னைக்கு எல்லாரும் நெனச்சோம், டாக்டர் கேட்ட முதல் கேள்வியே கீசர் எங்க இருக்குங்கிறது தான்.

விஷயம் என்னன்னா, அடைச்ச இடத்துல கேஸ் எரிஞ்சா ஆக்சிஜன் குறைஞ்சு சரியா எரியாம கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு வரும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிலிண்டர் லீக் ஆனா நாத்தம் வருதுல்ல, அது நமக்கு தெரியணும்னே கலக்குற வாசனை, இதுல அந்த உதவியும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன சுமக்குற ஹீமோகுளோபின இந்த வாயு, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும், அதனால மூச்சு நல்லா வர்ற மாதிரியே இருக்கும், ஆனா உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தூங்கிட்டு இருந்தா எந்திரிக்கவே மாட்டோம்.

இங்க பாருங்க, கேமராவ திருப்புறேன், இப்போ கீசர் பால்கனில இருக்கு, பைப் மட்டும் தான் உள்ள போகுது. உங்களால உடனே மாத்த முடியலன்னா, கதவ தொறந்து வெச்சு பக்கெட்ல தண்ணி பிடிச்சிட்டு, கீசர ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் காத்து போக விட்டு அப்புறம் குளிங்க. தீ நீலமா எரியணும், மஞ்சளாவோ புகைக்கரியோட எரிஞ்சாலோ மெக்கானிக்க கூப்பிட்டு பர்னர சுத்தம் பண்ண சொல்லுங்க, ஆனா நீலமா எரியுதுன்னு பாத்ரூம அடைச்சிக்கிட்டு குளிக்காதீங்க. ரப்பர் ட்யூப் மேல சோப்பு தண்ணி தடவி பாருங்க, முட்டை விட்டா லீக். தீக்குச்சி வெச்சு பாக்கவே பாக்காதீங்க. கேஸ் லீக்குக்கு 1906, யாராவது மயங்கிட்டா முதல்ல வெளிக்காத்துக்கு தூக்கிட்டு வந்து 112க்கு கூப்பிடுங்க.

ரூம் ஹீட்டர் பத்தி சுருக்கமா சொல்றேன். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அத போன் சார்ஜ் பண்ற 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகினா உருகிடும், சுவத்துல இருக்கிற 16 ஆம்பியர் பாயிண்ட்ல தான் போடணும். பரண்ல இருந்து எடுத்ததும் தூசிய தட்டுங்க. ரஜாய் (பஞ்சு வெச்ச கனமான போர்வை), திரைச்சீலை எல்லாம் மூணு அடி தள்ளியே இருக்கட்டும், மேல துணி காய போடாதீங்க, தூங்கும்போது ஆஃப்.

அடுத்தது அங்கீட்டி, நம்ம ஊர்ல குமுட்டி அடுப்புன்னு சொல்வோமே அதே தான். கரி நெருப்பு தணலா இருக்கும்போதும் அதே கார்பன் மோனாக்சைடு வந்துட்டே தான் இருக்கும், புகை இல்லயேன்னு ரூமுக்குள்ள வெச்சு படுத்துடுவாங்க, வருஷா வருஷம் டெல்லி குளிர்ல இப்படி குடும்பத்தோட போறாங்க, பேப்பர்ல படிக்கும்போது வயிறு பிசையுது. எங்க கேட்ல இருக்கிற வாட்ச்மேன் அண்ணனுங்க ரெண்டு பேரும் கேபினுக்குள்ள அத வெச்சு கதவ சாத்திட்டு இருந்தாங்க, எனக்கு தெரிஞ்ச இந்தில எனக்கு ஆனத சொன்னேன், எங்க வீட்டுக்காரர் பழைய ரஜாய் ரெண்டு கொண்டு போய் குடுத்தார். நேத்து ராத்திரி பால்கனில நின்னு பாத்தேன், அங்கீட்டி கேட்டுக்கு வெளில எரிஞ்சிட்டு இருந்துச்சு, ரெண்டு பேரும் அத சுத்தி உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தாங்க.