நூற்றுப் பதினாறாம் பக்கத்துச் செய்தி

அனைவருக்கும் வணக்கம். ஒரே நாளில் மறைந்த புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேசுமாறு நேயர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் இதற்குப் பட்டியல்கள் ஏராளமாக இருக்கின்றன. பெயர்களும் ஆண்டுகளும் வரிசையாக நிற்கும், படித்து முடித்ததும் "அப்படியா" என்ற வியப்புக்கு மேல் எதுவும் மனத்தில் தங்காது. அந்தத் தற்செயலைவிட அதன் பிறகு நடந்தவைதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. இரண்டு மரணங்கள் ஒரே நாளில் நேரும்போது பூவும் பத்திரிகைப் பக்கமும் மக்களின் கவனமும் பெரும்பாலும் ஒருவரிடமே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மற்றவருக்கு என்ன மிஞ்சியது என்பதையே இன்று பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு தெளிவு. நம் ஊரில் டிசம்பர் 24 என்றதும் இருவர் நினைவுக்கு வருவார்கள். பெரியார் 1973ஆம் ஆண்டிலும் எம்.ஜி.ஆர். 1987ஆம் ஆண்டிலும் அந்தத் தேதியில் மறைந்தார்கள். தேதி ஒன்றாக இருந்தாலும் இடையில் 14 ஆண்டுகள் இருந்ததால், தமிழ்நாடு இருவருக்காகவும் தனித்தனியே அழுதது. ஒருவர் சாவு மற்றவர் சாவை மறைக்கவில்லை. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்று சொல்வதும் இப்படித்தான். அப்போது இங்கிலாந்து பழைய ஜூலியன் நாள்காட்டியையும் ஸ்பெயின் கிரிகோரியன் நாள்காட்டியையும் பின்பற்றியதால், உண்மையில் அவர்களுக்கிடையே ஏறத்தாழப் பத்து நாள் இடைவெளி உண்டு. நான் சொல்ல வருவது, ஒரே சூரியன் மறைவதற்குள்ளோ ஒரே இரவுக்குள்ளோ இருவர் போய்விடும் நாள்களைப் பற்றி.

அப்படிப்பட்ட நாள்களில் என்னை மிகவும் உலுக்குவது 1953 மார்ச் 5. அன்றிரவு மாஸ்கோ புறநகரில் தன் மாளிகையில் ஸ்டாலின் இறந்தார். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன், நகரின் நடுவே ஓர் அடுக்குமாடி வீட்டில், செர்கேய் புரோகோஃபியெவ் மூளை இரத்தக்கசிவால் இறந்திருந்தார். "ரோமியோவும் ஜூலியட்டும்" பாலே நாடகத்துக்கும், உலகெங்கும் பள்ளிக் குழந்தைகளுக்கு இசைக்கருவிகளை அறிமுகப்படுத்தும் "பீட்டரும் ஓநாயும்" படைப்புக்கும் இசையமைத்தவர் அவர். வயது 61. இரத்த அழுத்தமும், 1945இல் கீழே விழுந்து தலையில் பட்ட அடியும் அவரை ஒடுக்கியிருந்தன. நாளொன்றுக்குச் சிறிது நேரத்துக்கு மேல் எழுதக்கூடாது என்று மருத்துவர்கள் கட்டுப்படுத்தியிருந்தார்கள். இருந்தும் இறந்த அன்றுகூட "கல்மலர்" என்ற பாலேயின் ஒரு பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஸ்டாலினின் உடல் நகர மையத்திலுள்ள தூண் மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. புரோகோஃபியெவின் வீடு அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில் இருந்தது. சுற்றுப்புறத் தெருக்கள் முழுவதும் மனிதர்களாலும் காவல் வண்டிகளாலும் அடைபட்டன. அந்த நெரிசலிலேயே பலர் மிதிபட்டுச் செத்தார்கள், எத்தனை பேர் என்ற சரியான கணக்கை அரசு வெளியிடவே இல்லை. அமரர் ஊர்தி வீட்டை நெருங்க முடியாததால், தலைவரைப் பார்க்க ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிர்த்திசையில், சவப்பெட்டியைக் கைகளில் சுமந்து சந்துகள் வழியாகக் கொண்டுபோனார்கள். மாஸ்கோவில் பூக்கள் அத்தனையும் ஸ்டாலினுக்கே போய்விட்டன. பக்கத்து வீட்டார் ஒருவர் தம் வீட்டுத் தொட்டிச் செடிகளைக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. இறுதி நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அவர்களுள் ஒருவர், சக சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்.

இதே வாரத்தில் புரோகோஃபியெவின் நண்பரும், அவருடைய ஒன்பதாம் பியானோ சொனாட்டா (ஓரிரு கருவிகளுக்கான இசைப்படைப்பு) யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டதோ அந்தப் பியானோ கலைஞருமான ஸ்வியாதஸ்லாவ் ரிஹ்தர், ஸ்டாலினின் உடலருகே வாசிப்பதற்காக ஜார்ஜியாவிலிருந்து அழைத்துவரப்பட்டார். அவர் வந்த விமானம் முழுவதும் மலர்வளையங்கள் நிறைந்திருந்தன. நண்பனின் பெட்டிமேல் வைக்க ஒரு பூ இல்லாத ஊருக்குள், விமானம் நிறையப் பூக்களோடு ஒருவர் இறங்கியிருக்கிறார். கதையில் இப்படி எழுதினால் மிகைப்படுத்துகிறார் என்று நாமே சொல்லியிருப்போம்.

அந்தச் சிறிய கூட்டத்தின் முன் வயலின் கலைஞர் தாவித் ஓய்ஸ்த்ராஹ், புரோகோஃபியெவ் தமக்குக் காணிக்கையாக்கிய முதல் வயலின் சொனாட்டாவிலிருந்து இரண்டு பகுதிகளை வாசித்தார். முதல் பகுதியின் முடிவில் வயலின் மெல்லிய ஒலியில் வேகமாக மேலும் கீழும் ஓடும். அது இடுகாட்டில் காற்று வீசுவதைப் போல ஒலிக்க வேண்டும் என்று இசையமைப்பாளரே சொல்லியிருந்தார். ஒரு முறையாவது அதைத் தேடிக் கேளுங்கள், முடிந்தால் நல்ல ஹெட்போனில்.

நாட்டின் முதன்மையான இசை இதழ் அவரது மறைவுச் செய்தியை 116ஆம் பக்கத்தில் வெளியிட்டது. அதற்கு முந்தைய 115 பக்கங்களும் ஸ்டாலினுக்கு. இந்தத் தகவலைப் பலரும் வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே ஸ்டாலினின் அறுபதாம் பிறந்தநாளுக்கு 1939இல் வாழ்த்திசை எழுதிக் கொடுத்தவர் புரோகோஃபியெவ். ஸ்டாலின் பெயரிலான பரிசைப் பலமுறை பெற்றவர். 1948 பிப்ரவரியில் கட்சியின் மத்தியக் குழு அவரையும் ஷோஸ்டகோவிச்சையும் மக்களுக்கு விளங்காத இசை எழுதுகிறார்கள் என்று கண்டித்தது. படைப்புகள் மேடையிலிருந்து விலக்கப்பட்டன. அதே மாதத்தில், புரோகோஃபியெவிடமிருந்து பிரிந்து வாழ்ந்த அவரது முதல் மனைவி லீனா உளவுக் குற்றச்சாட்டில் கைதானார், 20 ஆண்டுத் தண்டனை பெற்றார். கணவர் இறந்தது அவருக்குத் தெரியவந்தது பல மாதங்கள் கழித்து, வடக்கே ஒரு கட்டாய உழைப்பு முகாமில் இருந்தபோது. 1956இல்தான் விடுதலை. ஆகவே அந்த இரவில் இறந்த இருவரும் தொடர்பற்ற இருவர் அல்லர். ஒருவர் மற்றவருடைய வாழ்வை வளைத்தார், கடைசியில் தம் சாவால் அவருடைய சாவையும் மூடினார்.

1963 நவம்பர் 22 பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்ட அதே நாளில் ஆக்ஸ்ஃபர்டில் "நார்னியா" கதைகளின் ஆசிரியர் சி.எஸ். லூயிஸும், லாஸ் ஏஞ்சலிஸில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் இறந்தார்கள். அவர்களது மறைவு பல நாள்களுக்கு யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. அதற்கு நேர்மாறானது 2007 ஜூலை 30. ஸ்வீடனின் ஃபோரோ தீவில் 89 வயது திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மனும், ரோமில் 94 வயது இயக்குநர் மைக்கலாஞ்சலோ அந்தோனியோனியும் அன்று மறைந்தபோது, இருவரும் ஒரே துறையில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றதால், அஞ்சலிக் கட்டுரைகள் இருவரையும் சேர்த்தே எழுதின. ஆனால் இதிலும் ஓர் இழப்பு இருக்கிறது: இரண்டு வெவ்வேறு கலைஞர்கள் அன்றிலிருந்து "ஒரு யுகத்தின் முடிவு" என்ற ஒரே தலைப்புக்குள் அடைக்கப்பட்டுவிட்டார்கள்.

கடைசியாக 2009 ஜூன் 25. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் காலை ஒன்பதரை மணியளவில் நடிகை ஃபாரா ஃபாசெட் தமது 62ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நண்பகல் வரை அவரைப் பற்றியே பேசின. பிற்பகல் இரண்டரை மணிக்கு முன்னதாக மைக்கேல் ஜாக்சன் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. இணையத்தில் அவரைத் தேடியவர்களின் எண்ணிக்கையைக் கண்டு, தன் கணினிகள்மீது யாரோ தாக்குதல் நடத்துகிறார்கள் என்று கூகுள் கருதும் அளவுக்குப் போனது. ஃபாராவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

அவரைச் "சார்லீஸ் ஏஞ்சல்ஸ்" தொடரிலும் சிவப்பு நீச்சலுடைச் சுவரொட்டியிலும் மட்டும் பார்த்தவர்கள், 1984இல் அவர் நடித்த "தி பர்னிங் பெட்" என்ற தொலைக்காட்சிப் படத்தைப் பார்க்க வேண்டும். கணவனிடம் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கும் பெண்ணாக வரும் அந்த முகத்தில், அழகியின் சாயலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நோயுற்ற காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தம் மருத்துவக் குறிப்புகள் பரபரப்புப் பத்திரிகைக்குக் கசிவதை உணர்ந்து, நோய் திரும்பி வந்த செய்தியை ஏறக்குறைய யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, அது பத்திரிகையில் வந்தபோது கசிவு மருத்துவமனைக்குள்ளிருந்தே நிகழ்ந்தது என்பதை நிறுவினார். நோயாளிகளின் இரகசியத்தைக் காக்க 2008இல் கலிஃபோர்னியா சட்டத்தைக் கடுமையாக்கியதில் இந்த நிகழ்வுக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்த ஆண்டு, 2010 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில், மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியில் ஃபாராவின் படம் இடம்பெறவில்லை. எல்லோரையும் சேர்க்க இயலாது என்று விளக்கம் சொல்லப்பட்டது. அவர் பெரிதும் தொலைக்காட்சி நடிகை என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன், திரைப்படங்களில் நடித்ததைவிட மேடையில் பாடி ஆடியதற்காகவே உலகம் அறிந்த மைக்கேல் ஜாக்சனின் படம் அதே பகுதியில் காட்டப்படாமல் இருந்திருந்தால். நன்றி, வணக்கம்.