கால் படாத மண்

வணக்கம் நேயர்களே.

2014 ஜூன் மாதம் புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு படகு கிளம்பியது. 157 பேர், இலங்கைத் தமிழர்கள். அவர்களில் 50 பேர் குழந்தைகள். ஆஸ்திரேலியா போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்கு இன்னும் 30 கிலோமீட்டர்தான் பாக்கி, ஆஸ்திரேலியக் காவல் கப்பல் மறித்துவிட்டது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. ஆனால் பக்கத்துத் தீவில் இறக்கவில்லை. இந்தியாவை நோக்கித் திரும்பியது, இங்கேயும் இறக்க வழி கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் அவர்கள் கப்பலிலேயே இருந்தார்கள். ஜன்னல் இல்லாத பூட்டிய அறைகளில். பிள்ளைகளும்தான்.

அப்போது நான் இங்கே ஓர் அகதிகள் முகாமில் மாலை வகுப்பு எடுத்துவந்தேன். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "தம்பி, கடலுக்குள்ள பூட்டி வச்சிருந்தா அது எந்த நாட்டுச் சிறை?"

அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. கவனித்துப் பாருங்கள், படகில் வருபவர்களைத் தடுக்கும் ஆஸ்திரேலியாவின் கொள்கை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் செய்வதற்காகவே கட்டப்பட்டது. வந்தவர் கால் தங்கள் மண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். 2001-ல் டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் கடலில் தத்தளித்த 433 பேரைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது. அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் இறங்க விடவில்லை. பெரும்பாலோரைப் பசிபிக் கடலில் உள்ள நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள். மொத்தமே 21 சதுர கிலோமீட்டர் உள்ள நாடு அது.

அதோடு நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் தீவு போன்ற தீவுகளைக் குடிவரவுச் சட்டத்தின் எல்லையிலிருந்து எடுத்தார்கள். அதாவது, படகில் வந்து அங்கே இறங்கியவர் அமைச்சர் அனுமதிக்காமல் விசா கேட்க முடியாது. 2013-ல் முழு ஆஸ்திரேலியப் பெருநிலத்தையும் எடுத்தார்கள். முழு நாட்டையும்! படகில் வந்து சிட்னி கடற்கரையிலேயே இறங்கினாலும், விசா கேட்கும்போது தீவில் இறங்கியவருக்கு என்ன கதியோ அதே கதிதான். கால் பட்டும் படாத கணக்கு. அதே ஆண்டு ஜூலை 19 அன்று இன்னொன்றும் அறிவித்தார்கள்: படகில் வருபவர் உண்மையான அகதி என்று நிரூபணமானாலும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது.

அந்த 157 பேரையும் கடைசியில் நவ்ருவுக்குத்தான் கொண்டுபோனார்கள். கடலில் அடைத்துவைத்தது செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த நாட்டில் அதுதான் உச்ச நீதிமன்றம். நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால்! இதை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவு பற்றியும் விரிவாகச் சொல்ல வந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. 2021 அக்டோபரில் அங்கே ஒதுங்கியவர்களும் நம் தமிழர்களே. பிரிட்டன் ஆளும் தீவு, அமெரிக்கத் தளம். வேலிக்குள் கூடாரம், மூன்று ஆண்டு. 2024 டிசம்பரில் அந்தத் தீவு அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் நீதிமன்றமே அந்தக் காவலைச் சட்டவிரோதம் என்றது. அந்தத் தீவின் பூர்வகுடிகளை அதே பிரிட்டன் வெளியேற்றிய கதையும் இருக்கிறது, அதற்கு இன்னொரு நாள் வேண்டும். வணக்கம்.