ஷவலும் ஸ்டாப்வாட்சும்

வணக்கம் நேயர்களே.

அறிவியல் மேலாண்மை பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு வேலையை எப்படிச் செய்வது, எவ்வளவு செய்வது என்பதை அளந்து பார்த்து முடிவு செய்கிற முறை அது. பேரைக் கேட்டு வானொலியை அணைத்துவிடாதீர்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஜல்லி அள்ளுகிற ஷவலைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் கதை.

ஃபிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1898-இல் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லகேம் எஃகு ஆலைக்கு வருகிறார். அங்கே யார்டில் நானூறு, ஐந்நூறு பேருக்கு அள்ளிப் போடுவதுதான் வேலை. ஆளாளுக்குச் சொந்த ஷவல். அதே ஷவலில் பொடிக் கரி அள்ளினால் ஒன்றரை கிலோ வரும், இரும்புத் தாது அள்ளினால் பதினேழு கிலோ வரும். கரி அள்ளுகிறவர் வெறுமனே கையை வீசிக்கொண்டிருப்பார், தாது அள்ளுகிறவருக்கு இடுப்பு விட்டுப்போகும்.

டெய்லர் நல்ல கூலி பேசி ஆள் நிறுத்தினார். ஷவலை வெட்டி வெட்டிச் சிறிதாக்கி, எந்தப் பாரத்தில் நாள் முழுக்க அதிகம் அள்ள முடிகிறது என்று பார்த்தார். 21 பவுண்டு, அதாவது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதற்கப்புறம் தாதுவுக்குச் சின்னது, கரிக்கு அகலமானது என்று ஆலையே ஷவல் வாங்கி வைத்தது. எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஏனென்றால் இங்கே அளந்தது கருவியை. மாறியதும் கருவிதான்.

இனிக் கூலிக்கு வருவோம். இது டெய்லரே எழுதிய கணக்கு, அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர் என்பதும் உண்டு. ஓர் ஆள் ஒரு நாளில் அள்ளியது 16 டன்னிலிருந்து 59 டன். கூலி 1.15 டாலரிலிருந்து 1.88. வேலை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியது, கூலி இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. ஆட்களும் சுமார் 140 பேராகக் குறைந்தார்கள். லாபத்தில் பெரும்பங்கு யாருக்கு? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. யோசிக்கிறதெல்லாம் ஆபீஸ், செய்கிறது மட்டும் தொழிலாளி என்று பிரித்தார்கள். இருபது வருஷம் வார்ப்பு வேலை பார்த்தவர் பக்கத்தில், எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நின்றால் எப்படி இருக்கும்? 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஒரு வார்ப்புத் தொழிலாளி அதற்கு உடன்பட மறுத்தார். அவரை வேலையைவிட்டு நீக்கியதும் மற்றவர்கள் வெளிநடப்பு செய்துவிட்டார்கள். நாடாளுமன்றக் குழு டெய்லரையே கூப்பிட்டு விசாரித்தது. 1915-இல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஆளை அளப்பதற்கு அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்றே சட்டம் போட்டார்கள்.

ஃபோர்டு கார் ஆலை, நம் திருப்பூர் பனியன் கம்பெனிகள் என்று இன்னும் குறித்து வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். தையல் லைனில் டார்கெட் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நூல் அறும், ஊசி முறியும், பாபின் மாற்ற வேண்டும், தண்ணீர் குடிக்க எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். லைனில் எல்லாரையும்விட வேகமானவரை வைத்து அளக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.