மனத்தைக் கணினியோடு ஒப்பிடலாமா? இணைக்கலாமா?

(காட்சி: திருகோணமலை உட்துறைமுகம், காலை. குரல் தொடங்குகிறது.)

மனித மனத்தைக் கணினியோடு ஒப்பிடலாமா என்பதும், அதைக் கணினியோடு இணைக்கலாமா என்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வியாகவே பேசப்படுகின்றன. முதலாவதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இரண்டாவதோ எப்போதோ சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வந்துவிட்டது. முதலாவதற்கு விடை கிடைக்காமலே இரண்டாவது எவ்வாறு கைகூடியது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

ஒரு நரம்புக்கலம் கணத்தாக்கத்தை, அதாவது சிறு மின்துடிப்பை, ஒன்றில் அனுப்பும், இல்லையேல் அனுப்பாது என்று எளிமைப்படுத்திக்கொண்டால், அத்தகைய கலங்களின் வலையமைப்பால் தருக்கக் கணிப்புகளைச் செய்யமுடியும் என்பதை நரம்பியலாளர் வோரன் மக்கலக், தருக்கவியலாளர் வோல்ட்டர் பிட்ஸ் ஆகிய இருவரும் 1943 இல் ஒரு கட்டுரையில் காட்டினர். 1945 இல் எட்வாக் என்னும் கணினியின் வடிவமைப்பை எழுதிய கணிதவியலாளர் ஜோன் வொன் நியூமன், அக்கட்டுரையைச் சான்றாகக் கொண்டு, கணினியின் உறுப்புகளை நரம்புக்கலங்களுக்கு ஒப்பிட்டே விளக்கினார். மூளையைப் பார்த்துக் கணினியை வரைந்துவிட்டு, பிறகு மூளை கணினியைப் போன்றதென்று நாம் வியப்பது சற்று வேடிக்கைதான்.

மூளையில் ஏறத்தாழ 86 பில்லியன் நரம்புக்கலங்கள் உள்ளன. அது செலவிடும் வலு ஏறக்குறைய 20 வாற்று. இவ்வெண்கள் பிரமிப்பூட்டுமே தவிர, அதிகம் தெளிவு தரமாட்டா. நினைவை எடுத்துக்கொண்டால்தான் வேறுபாடு துலங்கும்.

(காட்சி: சுவாமி மலை, கோணேசர் கோவில் வாசல்.)

கோணேசர் கோவிலில் பதிகம் பாடும் ஒருவரிடம், ஏழாவது பாடலின் மூன்றாவது அடி எதுவென்று திடீரெனக் கேட்டுப் பாருங்கள். உதடு அசையும், விரல் தொடையில் தாளம் போடும். அப்பாடலின் முதலடியிலிருந்து முணுமுணுத்து வந்தே அவர் மூன்றாவது அடியைப் பிடிப்பார். இத்தனைக்கும் பதிகம் முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மேசைக் கணினியோ ஒவ்வொரு தரவையும் ஒரு முகவரியில் வைத்திருக்கிறது. முகவரியைக் கொடுத்தால், முந்திய அடி எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

மனித நினைவு எடுக்கப்படும்போது மாறவும் கூடும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையை ஒரே வளவில் நின்று கண்ட இருவர், யார் முதலில் கத்தினார் என்பதிலேயே முரண்படலாம். இருவரும் பொய் சொல்பவர்களாக இருக்கவேண்டியதில்லை. மீட்டெடுக்கப்பட்ட அச்ச நினைவு மீண்டும் இளகி, புதிதாக உறுதிப்படவேண்டிய நிலைக்கு வருகிறது என்பதை 2000 இல் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வொன்று காட்டியது.

ஆயினும் ஒப்புமை இத்துடன் விழுந்துவிடவில்லை. ஒரு பகுதியைக் கொடுத்தால் முழுமையை மீட்டெடுக்கும் செயற்கை வலையமைப்பை 1982 இல் ஜோன் ஹொப்ஃபீல்ட் முன்வைத்தார். 2024 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பதிகம் பாடுபவரின் நினைவு மேசைக் கணினியைவிட அவ்வலையமைப்புக்கே நெருக்கமானது. எனவே, எந்தக் கணினியோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்காமல் விடை சொல்வது வீண் என்பதே என் கருத்து.

(காட்சி: உட்காதின் வரைபடம்.)

இனி இணைப்பு. செவிப்புலன் இழந்தவர்களுக்குப் பொருத்தப்படும் கொக்லியர் கருவி ஒலியை மின்துடிப்புகளாக மாற்றி, உட்காதில் வைத்த மின்வாய்கள் வழியாகச் செவிநரம்பைத் தூண்டுகிறது. இயல்பான காதில் ஒலியை உணரும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்க்கலங்கள் செய்யும் வேலையை, இக்கருவியில் இருபதை ஒட்டிய மின்வாய்களே செய்கின்றன. கேட்கும் திறனோடு இருந்து பின்னர் அதை இழந்தவர்கள் பலருக்கு, முதல் நாட்களில் மனிதக் குரல் இயந்திரக் குரலாகவே கேட்கும். மாதங்கள் செல்லச் செல்ல அது பேச்சாகத் தெளிகிறது. மாறுவது கருவி மட்டுமன்று, மூளையும்தான். அசைவை ஆளும் மூளைப்பகுதியில் 96 மின்வாய்கள் பொருத்தப்பட்ட, கைகால் அசைக்க முடியாத ஒருவர், எண்ணத்தால் திரையின் சுட்டியை நகர்த்தியதாக 2006 இல் வெளியான ஆய்வும் இவ்வாறுதான்: கருவி அவருடைய மனத்தை வாசிக்கவில்லை, சில பத்து நரம்புக்கலங்களின் துடிப்பிலிருந்து, எத்திசையில் அசைக்க விரும்புகிறார் என்று கணித்தது. மனம் என்றால் என்னவென்று தெரியாமலே இவ்வளவும் செய்யலாம்.

மனத்தையே கணினியில் பதிவேற்றுவது வேறு கதை. 302 நரம்புக்கலங்களே உடைய ஒரு நுண்புழுவின் இணைப்பு வரைபடம் 1986 இல் வெளியானது. அதை மட்டும் வைத்து அப்புழுவின் நடத்தையை இன்றும் முழுமையாக எதிர்வுகூற முடியவில்லை. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதை வரைபடம் காட்டுகிறதே தவிர, ஒவ்வோர் இணைப்பின் வலிமையையும், அதைக் கூட்டிக் குறைக்கும் இரசாயனங்களையும் அது காட்டுவதில்லை.