கூண்டுக்குள் முதலில் கற்க வேண்டியது
(காரைக்குடியில் இளம் விளையாட்டு வீரர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், மைதானத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் துணிச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கம்பி வலைக் கூண்டுக்குள் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து நடக்கும் கூண்டுச் சண்டை என்று நீங்கள் செல்போனில் பார்ப்பது பெரும்பாலும் கடைசிச் சில விநாடிகள்தான். ஓங்கி ஒரு குத்து, ஆள் சாய்கிறார். அதற்கு முன்னால் தரையிலும் கம்பி வலை ஓரத்திலும் நடப்பதுதான் எனக்குப் பெரிய வித்தை.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், கூண்டுச் சண்டை நடத்தும் யூ.எஃப்.சி. அமைப்பின் முதல் போட்டி. குத்துச்சண்டைக்காரர், சுமோ வீரர், கிக் பாக்ஸர் எனப் பலர் வந்தார்கள். வென்றவர் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி. ஒரே இரவில் மூன்று பேரைத் தரைக்குக் கொண்டுபோய்ப் பணிய வைத்தார்.

மல்லாந்து கிடப்பவர் தோற்றவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். கிரேசியின் தரைச்சண்டை வித்தையான ஜியு ஜிட்சுவைக் கற்றவர் அங்கேதான் வேலையைத் தொடங்குவார். மேலே இருப்பவரின் இடுப்பைக் கால்களால் சுற்றிப் பூட்டுவார். இதற்குப் பெயர் கார்டு. தலையை இழுத்து அணைத்துக்கொண்டால் மேலே இருப்பவருக்கு ஓங்கிக் குத்த இடமில்லை. அவர் கையை நீட்டிவிட்டால் அதைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, இடுப்பை உயர்த்தினால் போதும், முழங்கை எதிர்ப்பக்கம் வளையும்.

அப்புறம் கம்பி வலை. அதை விரலால் பிடிப்பது விதிமீறல், முதுகைச் சாய்க்கலாம். விழுந்தவர் வலையில் முதுகை அண்டக்கொடுத்து, எதிராளியின் அக்குளுக்கடியில் கையை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுவார். இதை முறியடிப்பதில் ரஷ்ய வீரர் ஹபீப் நூர்மகமதோவ் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. எழப்பார்ப்பவரின் இரண்டு கால்களையும் தன் கால்களால் பின்னி, மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வார். 2018இல் அயர்லாந்து வீரர் கானர் மெக்ரிகர் நான்காவது ரவுண்டில் அவரிடம் பணிந்தார்.

நம் புறநானூற்றிலும் இந்த நுட்பம் உண்டு. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடிய சாத்தந்தையார், அவன் ஒரு கால் மல்லனின் மார்பை மிதிக்க, மறுகால் பின்பக்கம் மல்லனின் தந்திரத்தைத் தடுத்தது என்கிறார். கால் எங்கே இருந்தது என்று கவனித்துப் பாடியிருக்கிறாரே, அதைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பின்னாலிருந்து போடும் கழுத்துப்பிடி மூச்சுக்குழாயை நெரிப்பதற்கல்ல. கழுத்தின் இருபுற ரத்தக்குழாய்களை அழுத்துவதற்கு. பிடி சரியாக விழுந்தால் சுமார் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். அதனால்தான் சொல்கிறேன், பயிற்சியாளர் இல்லாமல், வீட்டில் தம்பியின் கழுத்தில், இதை ஒருநாளும் செய்து பார்க்கக் கூடாது.

முதல் பாடம் தட்டுவது, அதாவது 'பணிந்தேன், விடு' என்று கையால் சொல்வது. பிடி இறுகியதும் எதிராளி உடம்பிலோ மேட்டிலோ தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். தட்டியவரைக் கேலி செய்பவருக்குப் பயிற்சியில் இடம் தரக்கூடாது. அடுத்து அடிபடாமல் விழுவது, கீழிருந்து இடுப்பை நகர்த்தி வெளியேறுவது, காலைப் பிடிக்க வருபவர்மேல் கால்களைப் பின்னால் எறிந்து நெஞ்சால் அழுத்துவது. கிளவ்ஸ் எல்லாம் அதற்கப்புறம்.

சரி, மேட் விரித்தாயிற்று. வாட்ச், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு இரண்டு பேராக வாருங்கள். தட்டுவதிலிருந்து தொடங்கலாம்.