கூலரின் அடியைத் தேய்த்துச் சமமாக்குவோம்

(காட்சி: கவிழ்த்து வைத்த கூலர், அதன் அடியில் நிறுத்திய ஸ்டீல் ஸ்கேல், பின்னால் விளக்கு)

கம்ப்யூட்டரின் பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலர் இது. ஸ்கேலுக்குக் கீழே மெல்லிசாக ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறதா? வெறும் கண்ணுக்கு இந்தச் செம்பு அடி தட்டையாகத்தான் இருந்தது.

பிராசஸர் மேல் வைக்கும்போதும் இதே சந்து இருக்கும்; அதில் நிற்கும் காற்றுதான் வில்லன். வெப்பம் கடத்துவதில் செம்புக்குச் சுமார் 400 மதிப்பெண் என்றால், காற்றுக்கு 0.03 கூடக் கிடைக்காது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் பள்ளத்தை நிரப்பும், சரி. ஆனால் அதுவும் செம்புக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. பேஸ்ட் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது.

வெப்பக் குழாய்களே நேராக பிராசஸரைத் தொடும் ரகக் கூலரா? அப்படியே விட்டுவிடுங்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் கூலர் குப்பைக்குத்தான். மற்றவற்றில் நிக்கல் பூச்சு போகும், வாரண்டியும் கூடவே போகும்.

(காட்சி: கண்ணாடி மேல் ஒட்டிய வாட்டர் பேப்பர்)

அடியில் தடித்த கண்ணாடி, மேலே 400 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். ஃபேனைக் கழற்றிவிட்டு, கூலரின் அடியில் மார்க்கரால் கட்டம் போடுங்கள்.

இனி தேய்க்கலாம். அடிப்பக்கமாகப் பிடியுங்கள்; உச்சியைப் பிடித்தால் ஆடி ஆடி ஓரம் மழுங்கிவிடும். அழுத்தவே வேண்டாம், கூலரின் எடை போதும். பத்து இழுப்புக்கு ஒருமுறை 90 டிகிரி திருப்புங்கள்.

(காட்சி: மிக அருகில், கூலரின் அடி)

இதைப் பாருங்கள். நாலு மூலையிலும் மை போய்விட்டது, நடுவில் மட்டும் தீவு மாதிரி நிற்கிறது. பள்ளம் அங்கேதான். அந்தத் தீவு கரையும்வரை 400 நம்பரை விட்டு நகராதீர்கள். முதல் தடவை நான் பொறுமையில்லாமல் பாதியிலேயே 2000 வரை ஏறிவிட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கு! ஸ்கேலை வைத்தால் அதே வெளிச்சக் கோடு.

அப்புறம் 600, 800, 1000. ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் நன்றாகக் கழுவுங்கள். பழைய தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கீறிவிடும். 1000-க்கு மேல் போவது கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

செம்புத் தூள் மின்சாரம் கடத்தும். அதனால் மதர்போர்டு பக்கத்தில் இந்த வேலையே கூடாது. இடுக்கெல்லாம் ஈரம் காயட்டும், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். தொட்டால் ரேகை பதிந்துவிடும், மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

(காட்சி: மீண்டும் ஸ்கேல், பின்னால் விளக்கு, கோடு இல்லை)